கிளாடியா ஜோன்ஸ்: இசைத்தட்டுக் கடையின் மாடியிலிருந்து ஒரு திருவிழா

கேட்டவர் லண்டனில் ஒரு தமிழ்ப் பள்ளியின் சிறு நூலகத்தைப் பார்த்துக்கொள்பவர். அக்டோபரில் வரும் கறுப்பின வரலாற்று மாதத்துக்காகக் கிளாடியா ஜோன்ஸைப் பற்றி ஒரு பதாகை வைக்கப் போகிறார்கள். "ஓரிடத்தில் பத்திரிகையாசிரியர் என்கிறார்கள், ஓரிடத்தில் இசைவிழா நடத்தியவர் என்கிறார்கள், இன்னோரிடத்தில் கம்யூனிஸ்ட் என்று மட்டும் இருக்கிறது. 'நாட்டிங் ஹில் கார்னிவலின் தாய்' என்று எழுதினால் சரியாக இருக்குமா? பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?" என்பது அவருடைய கேள்வி.

எழுதலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். நாட்டிங் ஹில் தெருக்களில் ஆண்டுதோறும் நடக்கும் அந்தப் பெரிய கரீபியன் திருவிழாவுக்கு அவர்தான் தாய் என்று லண்டனில் பலரும் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால், கிளாடியா செய்த வேலையில் பாதியைத்தான் சொன்னதாகும். அந்தப் பாதியிலும் ஒரு சிறு பிழை இருக்கும். ஆகவே கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தெற்கு லண்டன், பிரிக்ஸ்டன் ரோடு, 250ஆம் எண். கீழே தியோ கேம்ப்பெல் என்பவரின் இசைத்தட்டுக் கடை. மாடியில் 'வெஸ்ட் இண்டியன் கெஸட்' என்ற மாத இதழின் அலுவலகம். கிளாடியா 1958 மார்ச்சில் தொடங்கிய இதழ் அது. கீழே கலிப்சோ என்ற கரீபியன் பாட்டு விற்பனை, மேலே செய்தி எழுதும் வேலை. தியோ கேம்ப்பெல் கடைக்காரர் மட்டும் அல்ல, இதழின் விளையாட்டுப் பகுதியையும் அவர்தான் பார்த்தார். கிளாடியாவைப் பற்றி யாராவது கேட்டால் நான் இந்தக் கட்டடத்திலிருந்துதான் தொடங்குவேன். பத்திரிகை ஒரு வேலை, இசை இன்னொரு வேலை என்று அந்த மாடிப்படியில் யாரும் பிரித்துப் பார்த்திருக்க முடியாது.

அங்கே வந்து சேர்வதற்கு முன் அவர் கடந்த தூரம் சாதாரணமானதல்ல. 1915 பிப்ரவரி 21 அன்று கரீபியன் தீவான டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில், பெல்மான்ட் பகுதியில் பிறந்தார். அப்போது அவர் பெயர் கிளாடியா வேரா கம்பர்பேட்ச். 'ஜோன்ஸ்' பின்னாளில் அரசியல் வேலைக்காக அவரே வைத்துக்கொண்டது. கொக்கோ விலை சரிந்து குடும்பம் நொடித்தது. பெற்றோர் முன்னதாகவே நியூயார்க் போய்விட, 1924இல், எட்டு வயதில், சகோதரிகளுடன் கப்பலில் போய் ஹார்லெமில் இறங்கினார். அங்கும் வறுமைதான். தாய் ஒரு தையற்கூடத்தில் வேலை செய்தார். கிளாடியாவுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, வேலை செய்துகொண்டிருந்த இயந்திரத்தின் அருகிலேயே அந்தத் தாய் நோயில் விழுந்து இறந்துபோனார். வயது 37. குடும்பம் குடியிருந்த ஈரமான அறை கிளாடியாவுக்குக் காசநோயைக் கொடுத்தது. 17 வயதில் ஏறக்குறைய ஓராண்டு மருத்துவமனைவாசம். நுரையீரலும் இதயமும் அதன்பின் ஒருபோதும் முழுதாகத் தேறவில்லை. பின்னால் அவர் சுமந்த வேலையைப் படிக்கும்போது இந்த உடல்நிலையை மறக்காமல் படிக்க வேண்டும்.

1936இல் இளம் கம்யூனிஸ்ட் கழகத்தில் சேர்ந்தார். அலபாமாவில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட ஸ்காட்ஸ்பரோ வழக்கில் அவர்களுக்காக நின்றவர்கள் கம்யூனிஸ்டுகள் என்பதே காரணம். சேர்ந்த நாளிலிருந்து அவர் கையில் கிடைத்த வேலை எழுத்து வேலைதான்: 'டெய்லி வொர்க்கர்' நாளிதழ், இளைஞர் இதழ்கள், பிறகு பெண்கள் பிரச்சினை பற்றிய பத்திகள். ஆக, லண்டனில் 43 வயதில் பத்திரிகை தொடங்கியபோது அவர் ஆர்வக்கோளாறில் இறங்கியவர் அல்லர், இருபது ஆண்டு அச்சு மையில் ஊறியவர்.

அமெரிக்கக் காலத்தில் அவர் எழுதியவற்றில் ஒரு கட்டுரையை மட்டும் சொல்கிறேன். 1949இல், கறுப்பினப் பெண்களின் பிரச்சினைகளைப் புறக்கணிப்பதை நிறுத்துங்கள் என்று தன் கட்சிக்காரர்களையே நோக்கி எழுதினார். கறுப்பினப் பெண் தொழிலாளி என்பதால் ஒரு முறை, கறுப்பினத்தவர் என்பதால் ஒரு முறை, பெண் என்பதால் ஒரு முறை என மூன்று முறை சுரண்டப்படுகிறார் என்பது வாதம். ஒடுக்குமுறைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடுவதற்குப் பல்கலைக்கழகங்கள் பெயர் கண்டுபிடித்தது அதற்கு நாற்பது ஆண்டு கழித்து. கிளாடியாவுக்கு அது ஆய்வுப் பொருள் அல்ல. தையல் இயந்திரத்தருகே விழுந்த தாயை நினைத்துக்கொண்டு அந்தக் கட்டுரையைப் படித்தால் அதிலுள்ள கோபத்தின் வயது புரியும்.

பிறகு மெக்கார்த்தி காலம், அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய காலம். 1948இலிருந்து பலமுறை கைது. அரசைக் கவிழ்க்கச் சதி என்று ஸ்மித் சட்டத்தின் கீழ் வழக்கு. அரசுத் தரப்பு அவர் செய்த குற்றத்துக்கு ஆதாரமாகக் காட்டியது ஆயுதத்தை அல்ல, அமைதிக்கான பெண்களின் போராட்டம் பற்றி அவர் எழுதி வெளியான ஒன்றை. ஓராண்டும் ஒரு நாளும் தண்டனை. 1955இல் மேற்கு வெர்ஜீனியாவின் ஆல்டர்சன் பெண்கள் சிறையில் ஒன்பது மாதங்களுக்கும் மேல் இருந்து, அக்டோபரில் வெளியே வந்தார். அமெரிக்கக் குடியுரிமை அவருக்குக் கிடைத்திருக்கவில்லை, எனவே நாடு கடத்தல். டிரினிடாடின் காலனிய ஆட்சி, இந்தப் பெண் இங்கே வந்தால் தொல்லை என்று ஏற்க மறுத்தது. பிரிட்டிஷ் குடிமகள் என்ற முறையில் பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. பிறந்த மண் வேண்டாம் என்றது, வளர்ந்த மண் துரத்திவிட்டது. டிசம்பர் 7 அன்று ஹார்லெமின் தெரேசா ஹோட்டலில் 350 பேர் கூடி வழியனுப்பினார்கள். 'குவீன் எலிசபெத்' கப்பலில் ஏறி, குளிர்காலத்தின் நடுவில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்.

அந்த நாளைய லண்டனை உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கப்பலும் ஒரு பாட்டும் போதும். 1948 ஜூன் 22 அன்று டில்பரி துறைமுகத்தில், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களோடு 'எம்பயர் விண்ட்ரஷ்' வந்து நின்றது. அதில் வந்த டிரினிடாட் கலிப்சோப் பாடகர் லார்ட் கிச்சனர், படக்கருவியின் முன்னால், லண்டனே எனக்கேற்ற ஊர் என்று பாடினார். இறங்கிய பிறகு அந்த ஊர் அவ்வளவாக ஏற்கவில்லை. பஸ் ஓட்டவும் மருத்துவமனையில் தாதியாகவும் ஆள் வேண்டும், ஆனால் அறை வாடகைக்குக் கேட்டால் கறுப்பர்களுக்கு இல்லை என்று சன்னலில் அட்டை. இந்த வாடகை அறைகளைத்தான் சாம் செல்வோன் 1956இல் தன் லண்டன் நாவலில் எழுதினார். பெயரைப் பார்த்ததும் உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஆம், செல்வோன் பிறந்தது டிரினிடாடில், அவருடைய தந்தை சென்னையிலிருந்து போன கிறித்தவத் தமிழர். மேற்கிந்தியர் என்ற சொல்லுக்குள் நம்மவர்களும் இருந்தார்கள்.

இப்போது இதழுக்கு வருகிறேன். பிரிட்டனின் முதல் கறுப்பின இதழ் 'வெஸ்ட் இண்டியன் கெஸட்' என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். பதாகையில் அப்படி எழுத வேண்டாம். 1930களிலேயே ஹரோல்ட் மூடி என்பவரின் கறுப்பினத்தவர் சங்கம் 'தி கீஸ்' என்ற இதழை நடத்தியது, அதற்கு முன்னும் முயற்சிகள் இருந்தன. கெஸட்டின் தனித்தன்மை வேறு: புதிதாக வந்து குவிந்துகொண்டிருந்த உழைக்கும் மக்களுக்கான, அவர்கள் காசு கொடுத்து வாங்கிய, அவர்களைக் கொண்டே எழுதப்பட்ட முதல் பெரிய செய்தி இதழ் அது. அதன் முக்கியமான கைகளில் ஒருவரான டொனால்ட் ஹைண்ட்ஸ், ஜமைக்காவிலிருந்து வந்து லண்டன் பஸ்ஸில் நடத்துநராக இருந்தவர். டிக்கெட் கிழித்த கைதான் செய்தியும் எழுதியது. நாவலாசிரியர்கள் ஜார்ஜ் லாமிங், ஆண்ட்ரூ சால்கி, ஜான் கரூ போன்றவர்களின் எழுத்தும் அதே பக்கங்களில் வந்தது. கறுப்பின விடுதலைத் தலைவர் மார்கஸ் கார்வியின் முதல் மனைவி ஏமி ஆஷ்வுட் கார்வி தொடக்க காலத்தில் தோள் கொடுத்தார். கிளாடியாவின் துணைவரான இந்தியர் அபிமன்யு மன்சந்தா கணக்கையும் நிர்வாகத்தையும் இழுத்துப் பிடிக்கப் பார்த்தார்.

சிறிது காலத்தில் இதழின் பெயர் நீண்டது: 'வெஸ்ட் இண்டியன் கெஸட் அண்ட் ஆஃப்ரோ-ஏஷியன் கரீபியன் நியூஸ்'. எந்தப் பத்திரிகை விற்பனையாளரும் இப்படி ஒரு பெயரைப் பரிந்துரைக்க மாட்டார். ஆனால் கிளாடியாவின் எண்ணம் முழுவதும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. ஜமைக்காக்காரருக்கும் பார்படோஸ்காரருக்கும் அதுவரை தீவுதான் அடையாளம். பிரிட்டிஷ் தெருவில் ஒருவன் கல்லை எடுக்கும்போது நீ எந்தத் தீவு என்று கேட்டுவிட்டு எறிவதில்லை. மேற்கிந்தியர் என்ற பொது உணர்வும், அதையும் தாண்டி ஆசிய, ஆப்பிரிக்க மக்களோடு ஓர் உறவும் வேண்டும் என்று இதழ் மாதாமாதம் சொன்னது. காங்கோவும் அலபாமாவும் மேற்கிந்தியக் கூட்டமைப்பும் ஒரே இதழில் வந்தன.

பணம்தான் கடைசி வரை வரவில்லை. அச்சகப் பாக்கி, வாடகைப் பாக்கி, சம்பளம் என்று பேசவே இடமில்லாத நிலை. சிறுபத்திரிகை நடத்தி நொந்தவர்கள் நம்மிடையேயும் நிறைய உண்டு, அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாக்கியோடு மிரட்டலும் வந்தது. 1958 ஆகஸ்டில், அமெரிக்க வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானின் பெயரில் அலுவலகத்துக்கு வசைக் கடிதம் வந்தது.

அதே மாதக் கடைசியில் நாட்டிங்ஹாமிலும், லண்டனின் நாட்டிங் ஹில்லிலும் கலவரம் வெடித்தது. வெள்ளை இளைஞர் கும்பல்கள் இரவுகளில் கறுப்பினத்தவர் வீடுகளைத் தேடித் தாக்கின. நாட்டிங் ஹில்லில் அது ஒரு வாரம் வரை நீண்டது. வெள்ளை இளைஞர்கள் ஒன்பது பேருக்கு நான்கு நான்கு ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. தற்காத்துக்கொள்ளத் திருப்பி அடித்த கறுப்பின இளைஞர்களும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். ஆறு மாதக் குழந்தையான கெஸட்டைத் தேடி ஆட்கள் மாடிப்படி ஏறத் தொடங்கியது அப்போதுதான். என்ன நடந்தது, யாரைப் பார்ப்பது, வழக்கறிஞர் யார் என்று கேட்டு வந்தவர்களுக்குப் பத்திரிகை அலுவலகம் சங்க அலுவலகமாகவும் ஆனது.

நான் மிகவும் விரும்பும் காட்சி அந்த டிசம்பரில் நடந்தது. டொனால்ட் ஹைண்ட்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்து சொன்னது இது. நாட்டிங் ஹில்லும் நாட்டிங்ஹாமும் வாயில் விட்டுப்போன கசப்பைக் கழுவ ஏதாவது யோசனை சொல்லுங்கள் என்று கிளாடியா கேட்கிறார். யாரோ ஒருவர், அநேகமாக ஒரு டிரினிடாட்காரர், கார்னிவல் நடத்தலாம் என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். வெளியே லண்டன் டிசம்பர். கிளாடியா சிரிப்பை அடக்கிவிட்டு, ஏன் கூடாது, ஒரு மண்டபத்துக்குள் வைத்தால் என்ன என்று கேட்கிறார்.

ஏன் மண்டபம், ஏன் கோடைவரை காத்திருக்கவில்லை என்று சிலர் கேட்பதுண்டு. டிரினிடாடில் கார்னிவல் நினைத்த நாளில் வருவதல்ல. கிறித்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும்தான் அதன் நாள்கள். அந்தப் பருவம் லண்டனில் உறைபனி. பருவத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை, தெருவில் நிற்க உடல் தாங்காது, ஆகவே மண்டபம்.

அந்தத் திருவிழாவின் பின்கதையைத் தெரிந்துகொண்டால், கலவரத்துக்கு மறுமொழியாக ஏன் நடனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி எழாது. டிரினிடாடில் முதலில் அது பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகளின் முகமூடிக் கேளிக்கை. 1830களில் அடிமைமுறை ஒழிந்ததும் விடுதலையான மக்கள் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். தீப்பந்தங்களோடும் கம்புகளோடும் மேளத்தோடும் போகும் 'கேன்பூலே' ஊர்வலம் உருவானது. எரியும் கரும்பு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு அது. 1881இல் போலீஸ் அதை ஒடுக்கப் போக, தெருவில் மோதல். அடுத்த சில ஆண்டுகளில் மேளத்துக்குத் தடை வந்தது. 1884இல், இந்தியாவிலிருந்து போன ஒப்பந்தக் கூலிகள் தடையை மீறி நடத்திய மொகரம் ஊர்வலத்தின் மீது சான் பெர்னாண்டோவில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. மேளம் போனதும் மூங்கில் துண்டுகளைத் தரையில் தட்டித் தாளம் வந்தது. மூங்கிலிலிருந்து பிஸ்கட் டின், குப்பைத் தொட்டி மூடி, கடைசியில் எண்ணெய்ப் பீப்பாய். 1930களின் இறுதியில் தொடங்கி, பீப்பாயின் அடியைச் சுத்தியலால் தட்டிக் குழித்து ஒவ்வொரு குழியிலும் ஒரு சுரம் நிற்க வைத்தார்கள். அதுதான் ஸ்டீல் பேன். 1951இல் டிரினிடாடின் பீப்பாய் இசைக்குழு ஒன்று பிரிட்டன் விழாவுக்கு வந்து வாசித்தது. குழுவில் ஒருவரான ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் லண்டனிலேயே தங்கிவிட்டார். அவர் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார்.

கலிப்சோவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆளுநர் செய்த அக்கிரமம், விலைவாசி, யார் வீட்டில் என்ன வம்பு என்பதெல்லாம் அதில் பாட்டாகிவிடும். நம் சந்தைகளில் ஒரு காலத்தில் விற்ற கொலைச் சிந்து நினைவிருக்கிறதா, கிட்டத்தட்ட அந்த வேலை. படிக்கத் தெரியாதவர்களின் செய்தித்தாள் அது. செய்தித்தாள் நடத்திய ஒருவர் கலிப்சோ மேடை போட்டதில் ஆச்சரியம் எதுவும் இல்லை என்று நான் சொல்வது அதனால்தான்.

1959 ஜனவரி 30, செயின்ட் பாங்க்ரஸ் நகர மண்டபம். இன்று கேம்டன் நகர மண்டபம் என்று அழைக்கப்படும் அதே கட்டடம், பெரிய ரயில் நிலையத்துக்கு எதிரே. ஏறக்குறைய ஒரு மாதத் தயாரிப்பில் அங்கே நடந்த நிகழ்ச்சியைப் பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பியது. மேடையை இயக்கியவர் எட்ரிக் கானர், டிரினிடாடின் நாட்டுப்பாடல்களைத் தொகுத்த பாடகர், நடிகர். கலிப்சோவுக்கு மைட்டி டெரர், ஜாஸுக்குக் கிளியோ லெய்ன், நடனத்துக்கு போஸ்கோ ஹோல்டரின் குழு, கூடவே ஸ்டீல் பேன் குழுக்கள். அழகிப் போட்டியும் இருந்தது. இந்த இடத்தில் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. 1949இல் அந்தக் கட்டுரையை எழுதியவரா இதை நடத்தினார் என்று தோன்றும். ஆனால் அன்றைய பிரிட்டனில் அழகு என்ற சொல்லுக்குள் கறுத்த தோல் வருவதே இல்லை. அந்த மேடையில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கிரீடம் வைப்பது கிளாடியாவுக்கு வெறும் கேளிக்கையாக இருந்திருக்காது என்பது வரை ஒப்புக்கொள்கிறேன், அதற்குமேல் வாதாட மாட்டேன்.

எனக்கு மேடையைவிட முக்கியமானது விழா மலர். ஆம், நம் ஊர்க் கோயில் கொடைக்கும் சங்க ஆண்டு விழாவுக்கும் போடுவோமே, அதேபோல ஒரு மலர். அதன் முகப்பு வாசகம்: 'ஒரு மக்களின் கலையே அவர்களது விடுதலையின் பிறப்பிடம்.' உள்ளே ஒரு சிறு அறிவிப்பு: இந்த மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி, நாட்டிங் ஹில் சம்பவங்களில் சிக்கிய கறுப்பின, வெள்ளையின இளைஞர்களின் அபராதத்தைக் கட்டப் போகிறது. வெள்ளையினத்தவருக்கும் சேர்த்துத்தான், மறுபடி படித்துப் பாருங்கள். பாட்டு கேட்க வந்தவர் கையில் அச்சுத்தாள், அச்சுத்தாள் விற்ற காசில் நீதிமன்ற அபராதம். இந்த ஒரு மலரை வைத்துக்கொண்டு கிளாடியாவின் வாழ்க்கையையே சொல்லிவிடலாம்.

கசப்பு அதோடு கழுவப்பட்டுவிடவில்லை. மே மாதம் 17ஆம் தேதி, ஆன்டிகுவாவிலிருந்து வந்த தச்சர் கெல்சோ காக்ரேன் நாட்டிங் ஹில் தெருவில் வெள்ளை இளைஞர் கும்பல் ஒன்றால் குத்திக் கொல்லப்பட்டார். கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அவருடைய இறுதி ஊர்வலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நடந்தார்கள். கிளாடியாவின் இதழ் அந்தக் கொலையை விடாமல் எழுதியது. கார்னிவலும் நிற்கவில்லை. கிளாடியா உயிரோடிருந்தவரை ஆண்டுதோறும் லண்டன் மண்டபங்களில் நடந்தது. 1960இல் பால் ரோப்சன் கெஸட்டுக்கு நிதி சேர்க்கப் பாடினார். அமெரிக்க அரசு பாஸ்போர்ட்டைப் பறித்து எட்டு ஆண்டுகள் நாட்டுக்குள்ளேயே அடைத்துவைத்திருந்த அந்தப் பாடகர், அதே அரசால் வெளியேற்றப்பட்ட பழைய தோழியின் பத்திரிகைக் கடனுக்காகப் பாடியதை நினைத்துப் பாருங்கள்.

பிறகு வந்த ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1962இல் காமன்வெல்த் குடியேறிகள் சட்டம் வந்தது. மேற்கிந்தியர்களோடு இந்தியா, இலங்கையிலிருந்து வருபவர்களுக்கும், அதாவது உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளுக்கும், கதவைச் சுருக்கிய சட்டம். அதை எதிர்த்து முன்னணியில் நின்ற இதழ்களில் கெஸட் ஒன்று. நெல்சன் மண்டேலாவின் விடுதலைக்கான கிளர்ச்சி, 1963 ஆகஸ்டில் வாஷிங்டன் பேரணிக்கு ஆதரவாக லண்டன் அமெரிக்கத் தூதரகம் நோக்கி ஓர் ஊர்வலம், 1964இல் ஜப்பானில் அணுகுண்டு எதிர்ப்பு மாநாடு, அங்கிருந்து சீனா. நோபல் பரிசு வாங்க ஆஸ்லோ போகும் வழியில் மார்ட்டின் லூதர் கிங் லண்டனில் தங்கியதும் அந்த டிசம்பரில்தான். கிங்கைப் பற்றி எழுதியதே கிளாடியாவின் கடைசித் தலையங்கம்.

1964 கிறிஸ்துமஸ் இரவை ஒட்டி, தன் அறையில் தனியாக இருந்தபோது மாரடைப்பால் இறந்தார். வயது 49. மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். அதன்பின் இன்னும் சில இதழ்கள் வந்ததோடு கெஸட்டும் நின்றுபோனது.

சரி, கார்னிவலின் தாய் யார்? இன்று ஆகஸ்ட் கடைசியில் இரண்டு நாள்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடும் தெருவிழா 1966இல் தொடங்கியது. கிளாடியா இறந்து இரண்டாவது ஆண்டு. நாட்டிங் ஹில்லில் சமூகப் பணி செய்துவந்த ரௌன் லாஸ்லெட் என்ற பெண் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்காக ஒரு தெருவிழா ஏற்பாடு செய்தார். அதில் வாசிக்க ரஸ்ஸல் ஹெண்டர்சனின் குழுவை அழைத்தார். அந்தக் குழுவினர் கழுத்தில் ஸ்டீல் பேனை மாட்டிக்கொண்டு நின்ற இடத்தில் நிற்காமல் நடக்கத் தொடங்கினார்கள். கூட்டம் பின்னால் போனது. தெருக் கார்னிவல் அப்படித்தான் பிறந்தது. குழுவில் இருந்தவர்களில் ஒருவர் நான் நினைவில் வைக்கச் சொன்ன ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட். பிறகு 1973 முதல் லெஸ்லி பால்மர் டிரினிடாட் பாணி ஆடை அணிகளையும் ஜமைக்காவின் ஒலிபெருக்கி அமைப்புகளையும் ஒரே விழாவில் சேர்த்து, இன்று நாம் பார்க்கும் உருவத்தைக் கொடுத்தார்.

ஆக, ஆவணப்படி தெருவிழாவைத் தொடங்கியவர் லாஸ்லெட். கிளாடியா தொடங்கியது பிரிட்டனின் கரீபியன் கார்னிவலை. இரண்டு முகாம்கள் இதைப் பற்றி நெடுநாளாக வாதிடுகின்றன. லாஸ்லெட்டை மறைத்துக் கிளாடியாவைத் தூக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. நாட்டிங் ஹில்லில் ஒரு தெருவிழா என்றதும் அதைக் கார்னிவலாக அடையாளம் கண்டு பின்னால் நடந்த மக்களுக்கு, முந்தைய ஆறு குளிர்காலங்களில் அது பழக்கமாகியிருந்தது என்பதையும் மறைக்க முடியாது.

இன்னொரு மறைப்பும் உண்டு, அது கொண்டாட்டத்தின் பெயரில் நடப்பது. 2008இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறை சிறந்த பெண்கள் வரிசையில் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. 2023இல் மரபுச் சின்னங்களைக் காக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு அவர் வாழ்ந்த வாக்ஸ்ஹால் வீட்டில் நீல நினைவுப் பலகை பதித்தது. மகிழ்ச்சிதான். ஆனால் இதுபோன்ற நேரங்களில் வரும் குறிப்புகள் பலவற்றில் இறகும் சலங்கையும் நிற்கும், 'கம்யூனிஸ்ட்' என்ற சொல் மெல்ல நழுவிவிடும். கம்யூனிஸ்டாக இருந்ததால்தான் அவர் சிறைக்குப் போனார், நாடு கடத்தப்பட்டார், லண்டனுக்கே வந்தார். அதை எடுத்துவிட்டால் அவர் ஏதோ நல்ல வேலை தேடி இங்கிலாந்து வந்தவர் போல ஆகிவிடும். பிள்ளைகளிடம் சொல்லுங்கள், பயப்பட வேண்டாம். அவர்கள் கொள்கையை ஏற்கவோ மறுக்கவோ பின்னால் தாங்களே முடிவு செய்துகொள்வார்கள்.

ஹைகேட் கல்லறைத் தோட்டத்துக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். நுழைவுக் கட்டணம் உண்டு. எல்லோரும் கார்ல் மார்க்சின் பெரிய வெண்கலத் தலையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு இடப்பக்கத்தில் தாழ்வாக ஒரு கல். கிளாடியாவின் சாம்பல் 1965இல் அங்கே புதைக்கப்பட்டது, கல் நட 1984 வரை ஆனது. இனவெறிக்கும் ஏகாதிபத்தியத்துக்கும் எதிராகப் போராடிய வீராங்கனை என்று அதில் பொறித்திருக்கிறார்கள். கார்னிவலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அஞ்சல் துறை ஒரு பாதியை எடுத்துக்கொண்டது என்றால் தோழர்கள் மறு பாதியை எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

பதாகைக்கு என் யோசனை இதுதான். நடுவில் அவர் படத்தை வைக்காதீர்கள், 1959 விழா மலரின் முகப்பை வைத்து அந்த வாசகத்தைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள். மேலே, 'கிளாடியா ஜோன்ஸ் (1915–1964): பத்திரிகையாசிரியர், கம்யூனிஸ்ட், பிரிட்டனில் கரீபியன் கார்னிவலைத் தொடங்கியவர்.' கீழே ஒரு வரியில் ரௌன் லாஸ்லெட்டின் பெயரும் 1966 என்ற ஆண்டும் வரட்டும். மலர் விற்ற பணம் யாருடைய அபராதத்துக்குப் போனது என்ற அறிவிப்பைச் சின்ன எழுத்தில் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். கூர்ந்து படிக்கிற பிள்ளை ஒன்றாவது வந்து, வெள்ளைக்காரப் பையன்களுக்கும் ஏன் கட்டினார் என்று உங்களிடம் கேட்கும்.